தூக்குவது வேறு, தாங்குவது வேறு

இன்று காலை ஏழு மணிக்கு பெங்களூரு அல்சூரில் நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். கனடாவின் வினிபெக்கில் இருக்கும் தம்பிக்கு அப்போது சனிக்கிழமை இரவு ஏழரை. காணொளி அழைப்பில் தன் வீட்டுக் கராஜைக் காட்டினான். இருநூறு கிலோவுக்கும் மேல் எடையுள்ள, பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டியின் பின்பக்கம், கூரையின் மரச்சட்டத்தில் கட்டிய ஒரே கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் அவன் படுத்திருந்தான்!

"முதலில் வெளியே வாடா" என்று கத்திவிட்டேன்.

"தாங்கும் அண்ணா" என்றான்.

எனக்கு நெஞ்சு படபடத்தது. அந்தக் கூரை பரவலாக விழும் பனியைத் தாங்கக் கட்டியது. ஒரே இடத்தில் தொங்கும் பாரத்துக்காக அல்ல. எங்கள் பட்டறையில் புல்லட்டை ஜாக்கியில் தூக்கினாலும், அடியில் ஸ்டாண்டு வைக்காமல் கை நீட்ட எவரையும் விடமாட்டேன். கயிறும் ஜாக்கியும் தூக்குவதற்கு மட்டுமே.

பக்கத்து வீட்டாரிடம் இரண்டு ஸ்டாண்டுகள் வாங்கி வந்தான். பின்பகுதியை அவற்றின்மேல் இறக்கி, ஆட்டிப் பார்த்து, அசையவில்லை என்று உறுதியான பிறகே சஸ்பென்ஷனைக் கழற்றும் வேலை தொடங்கியது. சக்கரத்துக்குப் பதிலாக வண்டியை ஓட்டும் ரப்பர் பட்டையான டிராக்கின் இறுக்கத்தைத் தளர்த்தினான். சஸ்பென்ஷனின் சுருள்வில்களை விடுவிக்கும்போது முகத்தை விலக்கிக்கொள்ளச் சொன்னேன். அவை கழன்று அடித்தால் கண் போய்விடும். பிறகு சஸ்பென்ஷனைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள். ஒரு பக்கத்தை முழுதாகக் கழற்றினால் மறுபக்கம் தண்டோடு சேர்ந்தே சுழலும். ஆகவே இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும்.

சஸ்பென்ஷன் மூட்டுகளில் தேய்ந்துபோன புஷ் எனும் உருளை வளையங்களை நாளை மாற்றுவான். அந்தக் கயிற்றை என் கண்முன்னேயே அவிழ்க்க வைத்தேன்.