றோலர் இழுத்த பெடியள்

1976இல் நான் நம் கல்லூரியின் 15 வயதுக் கிரிக்கெட் அணியில் இருந்தேன். விளையாடினேன் என்பதைவிட, ஆடுகளத்து மண்ணைச் சமப்படுத்தும் பாரமான இரும்பு உருளையான றோலரை இழுத்தேன் என்பதுதான் சரி. பயிற்சிக்குப் பிந்தி வந்தால் றோலர், பிடியைத் தவறவிட்டால் றோலர், மாஸ்டர் பேசும்போது சிரித்தால் இரண்டு மடங்கு. எனக்கோ சிரிப்பு வியாதி.

புல் ஆடுகளம் எங்களுக்கு எங்கே இருந்தது? இறுக்கிய மண்ணின் மேல் தும்புப் பாயை விரித்து, நாலு பக்கமும் இழுத்து ஆணி அறைவோம். கீழே மண் மேடு பள்ளமாக இருந்தால் பந்து முகத்துக்குத்தான் வரும். ஆகவே றோலர் இல்லாமல் விளையாட்டே இல்லை. வெயிலில் கிடந்த இரும்புக் கைபிடியைத் தொட்டதும் உள்ளங்கை சுரீரென்னும். வீட்டுக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டாலும் துரு மணம் போகாது.

அந்த வேலையைத் தினமும் பார்த்தவர் மைதானத்து அண்ணை. ஒருநாள் நாங்கள் நாலு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இழுக்க, ஆணி பொறுக்கியபடியே கேட்டார்: "தம்பியவை, உங்களுக்கு இது தண்டனை. அப்ப எனக்கு இது ஆர் தந்தது?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நாங்களும் சிரித்தோம். அண்ணையின் அன்றாட வேலையை எங்களுக்குத் தண்டனையாக்கியதுதான் மாஸ்டர் மேல் எனக்கு இன்றும் உள்ள மனக்குறை. முதுகு நொந்ததெல்லாம் எப்போதோ மறந்துபோயிற்று. நன்றாக ஆடியவன் றோலரைத் தொட்டதே இல்லை. எங்கள் அணித்தலைவருக்கு அதன் பாரமே தெரியாது.

2018 உலகக் கிண்ணக் காற்பந்தில் பெல்ஜியத்திடம் 3–2 என்று தோற்ற ஜப்பான் அணியினர், உடைமாற்றும் அறையைத் துப்புரவாக்கி, ரஷ்ய மொழியில் நன்றி என்று எழுதியும் வைத்துவிட்டுப் போனார்கள். அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு அண்ணையின் ஞாபகம்தான் வந்தது.

இங்கே லண்டனில் சனிக்கிழமைகளில் ஒரு சிறுவர் அணிக்கு உதவிக்குப் போகிறேன். ஸ்ரம்ப் பொறுக்குவதும் வலை சுருட்டுவதும் பெயர்ப் பட்டியல் வரிசைப்படி, தலைவனுக்கும் விலக்கில்லை. பிந்தி வருகிறவன் அன்று கடைசியாகத் துடுப்பெடுப்பான், அவ்வளவுதான். போன கோடையில் என் பேரனின் முறை வந்தது.

"நான் என்ன பிழை செய்தனான், அப்பப்பா?"

"ஒண்டும் இல்லையடா. இண்டைக்கு உன்ரை முறை."

நம்பாத முகத்தோடு ஆறு ஸ்ரம்பையும் அள்ளிக்கொண்டு நடந்தான். இரண்டு வழியில் விழுந்தன. முணுமுணுத்தபடி திரும்பி வந்து பொறுக்கினான்.