கழித்துக் கொட்டச் சொல்லும் சட்டம்

பாடுபட்டு விளைவித்த திராட்சையில் ஒரு பகுதியை அறுவடையின்போதே ஒதுக்கித் தள்ளிவிட வேண்டும், அதைச் செய்யாதவர் தன் ஒயினுக்கு ஊரின் பெயரைச் சூட்டக்கூடாது என்று ஒரு சட்டம் சொல்கிறது. பிரான்சின் தெற்கே, ரோன் ஆற்றின் இடக்கரையில், ஒராஞ்ச் நகருக்கும் அவிஞ்ஞோன் நகருக்கும் இடையே அமைந்த ஷாத்தோநெஃப்-து-பாப் என்னும் சிற்றூரின் சிவப்பு ஒயினுக்கான விதி அது. பிறப்பிடப் பெயர்களைக் காக்கும் சட்டங்களைப் பற்றி ஆர்வத்தோடு வாசித்து வருகிறேன். அவற்றுள் இந்த ஒயினின் விதித்தொகுப்பு அளவுக்கு என்னைக் கவர்ந்தது வேறு எதுவுமில்லை. இதை முதலில் எழுதியது அரசு அன்று. தங்களைத் தாங்களே கட்டிப்போட்டுக் கொள்ளத் துணிந்த உழவர்கள் எழுதினார்கள் என்பதே அதற்குக் காரணம்.

அவர்கள் அந்தத் துணிவுக்கு வந்த பின்னணியைச் சொல்லாமல் விதிகளைச் சொன்னால் அவை வெறும் கெடுபிடிகளாகவே தோன்றும். 1860களில் அமெரிக்கக் கொடிகளோடு வந்து சேர்ந்த ஃபில்லோக்செரா என்னும் வேர்ப்பூச்சி, பிரான்சில் முதன்முதலாகத் தலைகாட்டிய இடங்களில் ஒன்று ரோக்மோர். அது ஷாத்தோநெஃபுக்கு நேர் எதிரே, ஆற்றின் மறுகரையில் இருக்கிறது. எனவே இந்த ஊர்த் தோட்டங்கள் மிக முன்னதாகவே அழிந்தன. நாடு முழுவதும் ஒயினுக்குத் தட்டுப்பாடு வந்தபோது உலர்ந்த திராட்சையிலிருந்தும், சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்தும் ஒயின் என்ற பெயரில் பானங்கள் காய்ச்சப்பட்டன. புகழ்பெற்ற ஊர்களின் பெயர்கள் யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும் சீட்டுகளாயின. 1905 ஆகஸ்ட் 1 அன்று கலப்படத்துக்கும் மோசடிக்கும் எதிரான சட்டம் வந்தது. 1907இல் தென்பிரான்சின் லாங்கதோக் பகுதி உழவர்கள் பெருங்கிளர்ச்சியில் இறங்கினார்கள். நார்போன் நகரில் படையினரின் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் பலியாயின. அதே ஆண்டு ஜூன் இறுதியில் வந்த சட்டம், ஒவ்வொரு உழவரும் தன் விளைச்சலை அரசிடம் அறிவிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. இன்றுவரை பிரெஞ்சு ஒயின் சட்டம் முழுவதும் அந்த அறிவிப்பின்மேல்தான் நிற்கிறது. விளைந்தது எவ்வளவு என்று தெரியாமல் விற்றது எவ்வளவு என்று கேட்க முடியாதல்லவா?

1919 மே 6ஆம் நாள் வந்த சட்டம், ஒரு பெயருக்கு உரிய நிலப்பரப்பு எது என்று முடிவு செய்யும் பொறுப்பை நீதிமன்றங்களிடம் ஒப்படைத்தது. உள்ளூரில் நேர்மையாகவும் தொடர்ந்தும் கைக்கொள்ளப்பட்டு வந்த வழக்கம் எது என்பதை நீதிபதிகள் ஆராய்ந்து தீர்ப்பளிக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. நிலம் எல்லைக்குள் இருந்தால் போதும். அதில் எந்தக் கொடியை நட்டாலும், எப்படி விளைவித்தாலும் பெயர் கிடைத்துவிடும் என்று பலர் அதற்குப் பொருள் கண்டார்கள். விளைச்சல் மட்டும் அதிகமாகத் தரும் தரங்குறைந்த கலப்பினக் கொடிகளை வண்டல் சமவெளியில் நட்டு, பழம்பெருமை வாய்ந்த பெயரில் விற்றார்கள்.

ஷாத்தோநெஃபில் நிலைமை வேறொரு விதத்திலும் மோசமாக இருந்தது. அந்த ஊரின் ஒயினுக்கு நிறமும் வலுவும் உண்டு என்பதால், பர்கண்டிப் பகுதியின் வெளுத்துப்போன ஒயின்களுக்குத் தெம்பூட்டுவதற்காக அது பீப்பாய் பீப்பாயாக வடக்கே அனுப்பப்பட்டது. தன் பெயரை வெளியில் சொல்லாமல் பிறருடைய பெயருக்குள் கரைந்து போவதுதான் அதன் வாழ்வாக இருந்தது. 1923இல் அந்த ஊர் உழவர்கள் பியேர் லெ ருவா த புவாசோமரியே என்பவரிடம் போனார்கள். அவர் ஒரு பிரபு; சட்டம் படித்தவர்; முதல் உலகப் போரில் விமானியாகப் பணியாற்றியவர்; திருமணத்தின் வழியாக அவ்வூரின் ஃபோர்தியா பண்ணைக்கு வந்து சேர்ந்தவர். பெயரைத் திருடும் வெளியாரை எதிர்த்து வழக்காடும் முன் நீங்கள் உங்களுக்குள் ஒழுங்கை ஏற்க வேண்டும் என்று அவர் நிபந்தனை விதித்ததாகச் சொல்வார்கள். அந்த நிபந்தனையின் பயனாகப் பிறந்ததுதான் விதித்தொகுப்பு.

அதன் முதல் விதி நிலத்தைப் பற்றியது. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். லாவெண்டர், தைம் என்னும் நறுமணச் செடிகள் வளரக்கூடிய வறண்ட நிலம் மட்டுமே இந்தப் பெயருக்கு உரியது என்று லெ ருவா எல்லை வகுத்தார். மண்ணியல் ஆய்வுக்கூடமோ வரைபடமோ கையில் இல்லாத உழவரும் தன் காலடியில் முளைத்திருக்கும் செடியைப் பார்த்தே எல்லையை அறிந்துகொள்ளலாம். இந்த இரண்டு செடிகளும் ஈரமும் கொழுமையும் நிறைந்த மண்ணை விரும்பாதவை. நீர் தேங்காமல் வடியும் மண்ணில், வெயிலில், ஒல்லியாக வளர்பவை. அங்கே திராட்சைக்கொடியும் குறைவாகவே காய்க்கும். காய்த்த குலையில் சாறு செறிந்திருக்கும். ஒரு செடியின் இயல்பைக் கொண்டு இன்னொரு செடியின் தகுதியைச் சொல்லும் இந்த முறை, சட்டமொழியில் நான் கண்ட மிக நேர்த்தியான வரையறைகளுள் ஒன்று. இன்று அந்த எல்லை ஷாத்தோநெஃப்-து-பாப், ஒராஞ்ச், கூர்தெசோன், பெதாரிட், சோர்க் என்னும் ஐந்து ஊர்களின் நிலங்களில் ஏறத்தாழ 3,200 ஹெக்டேர் பரப்பை உள்ளடக்கியது. அதன் மேட்டுப் பகுதிகளில் மண்ணே தெரியாதபடி உருண்டை உருண்டையான பெரிய கூழாங்கற்கள் பரவிக் கிடக்கும். பண்டைக் காலத்தில் ரோன் ஆறு உருட்டிவந்து விட்டுப்போனவை அவை. படங்களில் எப்போதும் அந்தக் கற்களையே காட்டுகிறார்கள். ஆனால் சட்டம் கற்களைக் கேட்கவில்லை. எல்லைக்குள் மணலும் உண்டு, சுண்ணாம்பு மண்ணும் உண்டு. பெரிதும் போற்றப்படும் ராயாஸ் பண்ணையின் நிலம் பெரும்பாலும் மணல்தான்.

இந்த எல்லையும் விதிகளும் எளிதில் நிலைபெறவில்லை. அக்கம்பக்கத்து நில உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. அதற்கிடையே, 1927 ஜூலையில், ஜோசஃப் காப்யூ என்னும் நாடாளுமன்ற உறுப்பினரின் பெயரால் அறியப்படும் சட்டம் வந்து 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஓட்டையை அடைத்தது. நிலம் மட்டும் போதாது, கொடியினமும் பொருந்த வேண்டும் என்பது அப்போதுதான் நாட்டுச் சட்டமாயிற்று. 1933இல் பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ஷாத்தோநெஃப் உழவர்களுக்கு ஆதரவாக முடிவு சொன்னது. 1935 ஜூலை 30 அன்று, அதே காப்யூவின் முயற்சியால், கட்டுப்படுத்தப்பட்ட பிறப்பிடப் பெயர் என்னும் முறையே பிறந்தது. அடுத்த ஆண்டு மே 15 அன்று அந்த முறையின்கீழ் முதன்முதலாக அங்கீகாரம் பெற்ற பெயர்களின் வரிசையில் ஷாத்தோநெஃப்-து-பாப் இடம்பெற்றது. நாடு முழுவதற்குமான அமைப்பு வகுக்கப்பட்டபோது, இந்தச் சிற்றூர் நடத்திக் காட்டியது அதற்கு முன்மாதிரிகளில் ஒன்றாக இருந்தது. பின்னாளில் இனாவோ என்னும் தேசியப் பிறப்பிடப் பெயர் நிறுவனத்துக்கு 1947 முதல் 1967இல் இறக்கும்வரை தலைவராக இருந்தவரும் லெ ருவாதான்.

இனி விதிகளின் உள்ளே போகலாம். இயற்கையான ஆல்கஹால் அளவு குறைந்தது 12.5 விழுக்காடு இருக்க வேண்டும். சர்க்கரை சேர்த்து அந்த அளவை எட்டுவதற்குத் தடை. ஆகவே, பழம் கொடியிலேயே நன்கு கனிந்திருக்க வேண்டும் என்பதைத்தான் இந்த எண் வேறு விதமாகச் சொல்கிறது. ஹெக்டேருக்கு 35 ஹெக்டோலிட்டர், அதாவது 3,500 லிட்டர், என்பதே விளைச்சலின் உச்சவரம்பு. அதே ரோன் பள்ளத்தாக்கில் பொதுவான கோத்-து-ரோன் பெயரில் விற்கப்படும் ஒயினுக்கு 50 ஹெக்டோலிட்டருக்கும் மேல் அனுமதி உண்டு என்பதோடு ஒப்பிட்டால், இந்த உழவர்கள் எவ்வளவு வருமானத்தை விட்டுக்கொடுத்தார்கள் என்பது விளங்கும். கிரெனாஷ் போன்ற முக்கியத் திராட்சை இனங்களைக் கம்பியில் படரவிடாமல், குட்டையாகக் கவாத்து செய்து, கிண்ணம்போல் விரிந்த தனிச்செடியாக வளர்க்க வேண்டும். வடக்கிலிருந்து வீசும் மிஸ்த்ரால் காற்றின் வேகத்தைக் குட்டையான தண்டு தாங்கும். நீர்ப்பாய்ச்சல் இயல்பான உரிமை அன்று. கடும் வறட்சி ஆண்டுகளில் விதிவிலக்குக் கேட்டுப் பெற வேண்டும். எந்திர அறுவடைக்கு இடமே இல்லை.

எந்திரத்தை விலக்கியதற்கும் கழித்துக் கொட்டும் விதிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அறுவடை எந்திரம் கொடியை உலுக்கிப் பழங்களை உதிர்த்துவிடும். எது அழுகியது, எது காய் என்று அது பார்ப்பதில்லை. கையால் அறுப்பவர் குலையைத் தூக்கிப் பார்க்கிறார், பூஞ்சை பிடித்த மூலையைக் கத்தரியால் வெட்டி எறிகிறார், பழுக்காத குலையைத் தனியாக ஒதுக்குகிறார். நல்லதுக்கு ஒரு வாளி, கழிவுக்கு ஒரு வாளி என இரண்டை வைத்துக்கொண்டு வரிசையில் நகர்வது அங்கே பழைய பழக்கம். லெ ருவாவின் விதிப்படி குறைந்தது 5 விழுக்காடாவது இப்படிக் கழிக்கப்பட வேண்டும். பழம் முழுவதும் குறையின்றி விளைந்த ஆண்டிலும் கழிக்கத்தான் வேண்டுமா என்று கேட்பது நியாயமே. ஆனால் ஒரு பங்கு போகத்தான் போகிறது என்று தெரிந்துவிட்டால், ஐயத்துக்குரிய குலையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கவேண்டிய தேவை இராது என்பது என் எண்ணம். கெட்டதைச் சேர்த்துக்கொள்ளத் தூண்டும் ஆசையை இந்த விதி முன்கூட்டியே அகற்றிவிடுகிறது. கழிக்கப்பட்ட பழத்தை ராப்பே என்பார்கள். அதிலிருந்து எளிய ஒயினோ வடிசாராயமோ செய்துகொள்ளலாம். ஊரின் பெயர் மட்டும் அதற்குக் கிடையாது.

இவ்வளவு கண்டிப்பான சட்டம், கலவை என்று வரும்போது கையைக் கட்டாமல் விட்டிருப்பது பலருக்கு வியப்பளிக்கும். கிரெனாஷ், சிரா, முர்வேத்ர, சான்சோ, குன்வாஸ், கிளேரெத், ரூசான், பிக்புல் உள்ளிட்ட 13 இனங்களுக்கு அனுமதி உண்டு. 2009இல் நிறவேறுபாடுகளைத் தனித்தனியே எண்ணத் தொடங்கியதால் பட்டியல் 18 ஆயிற்று. புதிய இனம் எதுவும் நுழையவில்லை. இவற்றுள் எதை எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதற்கு விகிதமே இல்லை. வெள்ளைத் திராட்சை இனங்களையும் சிவப்பு ஒயினில் கலக்கலாம். பொகாஸ்தெல் பண்ணை பதின்மூன்றையும் வளர்க்கிறது. ராயாஸ் தன் சிவப்பு ஒயினைக் கிரெனாஷிலிருந்து மட்டுமே செய்கிறது. இரண்டு குப்பிகளிலும் ஒரே பெயர்தான். இதைச் சட்டத்தின் குறையாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிலத்திலும் விளைச்சலிலும் அறுவடையிலும் ஏமாற்ற வழியில்லாமல் செய்துவிட்டு, சுவையைத் தீர்மானிப்பதை ஒயின் செய்பவரின் கைப்பக்குவத்துக்கு விட்டுவிட்டார்கள். நேர்மையைச் சட்டத்தால் வற்புறுத்தலாம். சுவையை வற்புறுத்தினால் எல்லாக் குப்பிகளும் ஒன்றுபோலாகிவிடும்.

இந்தப் பெயரில் குறைந்த அளவில் வெள்ளை ஒயினும் செய்யப்படுகிறது. ரோசே என்னும் இளஞ்சிவப்பு ஒயினுக்கு மட்டும் இடமில்லை. 1937 முதல் வழங்கிவரும் குப்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். போப் எனப்படும் திருத்தந்தையின் மணிமுடியும், குறுக்கிட்ட புனித பேதுருவின் திறவுகோல்களும் அதன் கண்ணாடியிலேயே புடைத்து நிற்கும். பதினான்காம் நூற்றாண்டில் அவிஞ்ஞோனில் இருந்து ஆண்ட திருத்தந்தை இருபத்திரண்டாம் ஜான் இங்கே கோட்டை கட்டினார் என்பதன் நினைவு அது. தாளில் அச்சிட்ட சீட்டைக் கிழித்து வேறொன்றை ஒட்டலாம். கண்ணாடியில் வார்த்த முத்திரையை அப்படி மாற்ற முடியாது.

விதிகள் எல்லாமே இன்றும் அதே வலுவோடு இருக்கின்றன என்று சொல்லமாட்டேன். 12.5 விழுக்காடு என்ற அடிமட்டத்துக்கு இப்போது வேலையே இல்லை. வெப்பம் கூடிய இன்றைய கோடைகளில் கிரெனாஷ் 14.5, 15 விழுக்காடு என்று எளிதாக ஏறிவிடுகிறது. எட்டுவதற்குக் கடினமான இலக்காக வைக்கப்பட்ட எண் இன்று யாரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் எண்ணாகிவிட்டது. இன்றைய கவலை அதற்கு நேர்மாறானது: சாராயக் காட்டம் ஏறாமல், பழத்தின் புளிப்புக் குன்றாமல் எப்படிக் காப்பது? நீர்ப்பாய்ச்சல் விதியைத் தளர்த்தலாமே என்ற பேச்சும் வறட்சி ஆண்டுகளில் எழுகிறது. நிரந்தரமாகத் தளர்த்தினால், லாவெண்டர் நிலத்தைத் தேர்ந்தெடுத்ததற்கே பொருள் இல்லாமல் போய்விடும் என்று அஞ்சுகிறேன். விடையின் ஒரு பகுதி பழைய பட்டியலுக்குள்ளேயே இருக்கிறது. தாமதமாகப் பழுக்கும் முர்வேத்ர, புளிப்பைத் தக்கவைக்கும் குன்வாஸ், சிவப்பு ஒயினிலும் சேர்க்கத்தக்க கிளேரெத் ஆகியவை நெடுங்காலம் கிரெனாஷின் நிழலில் ஒதுங்கியிருந்தவை. இவற்றைக் கூடுதலாக நட விரும்பும் உழவர் சட்டத்திருத்தத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. யாரிடமும் விதிவிலக்குக் கேட்க வேண்டியதுமில்லை.