கடைமடைத் தண்ணீர்

பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்தபோது நீடாமங்கலம் பக்கம் போட்டார்கள். அங்கே மூணாறு தலைப்பு என்ற இடத்தில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் மூன்றாகப் பிரியும். எந்த ஆற்றுக்கு எத்தனை கன அடி என்று உத்தரவு வரும். ஷட்டரை ஏற்றி இறக்கி, நீர்மட்டம் காட்டும் ஸ்கேலைப் பார்த்து எழுதி அனுப்பினால் வேலை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

அங்கே மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரான லஸ்கர் அப்படி நினைக்கவில்லை. ஒரு ராத்திரி, “கெழக்க போய் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம் சார்” என்றார். திருத்துறைப்பூண்டிக்கு அந்தப் பக்கம், ஒரு பிரிவு வாய்க்காலின் மதகில் வெங்காயத்தாமரை அடைத்துக்கொண்டு, மேலே தண்ணீர் தேங்கி நின்றது. கீழே வாய்க்கால் காய்ந்து கிடந்தது. அவர் அரிவாளோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். கொஞ்ச நேரம் டார்ச் பிடித்துக்கொண்டு நின்ற நானும், மனசு கேட்காமல் இறங்கிவிட்டேன். விடியும்போது கடைசி நாற்றங்காலுக்குத் தண்ணீர் ஏறியது. வரப்பில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி குனிந்து கையை நனைத்து, “வந்துட்டியா” என்றார். எங்களிடம் இல்லை, தண்ணீரிடம்.

அப்புறம் பதவி உயர்வு, சென்னை, தனி அறை. ஊரில் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தினமும் காலை 8 மணி நிலவரம் மேசைக்கு வரும்: மேட்டூர் நீர்மட்டம், வரத்து, திறப்பு. அணையின் முழு உயரம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. எல்லாம் தூக்கத்திலும் சொல்வேன். அந்த வேலையையும் யாராவது ஒழுங்காகச் செய்தாக வேண்டும், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வெண்ணாற்றில் இவ்வளவு என்று படிக்கும்போதெல்லாம் அந்த மதகு அடைத்திருக்குமோ என்றுதான் மனசு ஓடும். அந்தத் தாளில் கடைசி நாற்றங்காலுக்கு இடமில்லை. அடுத்த பதவி உயர்வுக்கு என் பெயர் வந்தபோது, வேண்டாம், டெல்டாவுக்கே மாற்றிவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். வீட்டில் இரண்டு நாள் யாரும் என்னோடு பேசவில்லை. அவர்கள் வருத்தம் நியாயம்தான். பிள்ளைகள் சென்னையில் படித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ அந்த ராத்திரியைத் தவிர, நான் வேலை பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ள வேறு எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

2020இல், எட்டு வருடங்களுக்குப் பிறகு, வழக்கமான நாளான ஜூன் 12 அன்றே மேட்டூர் திறந்தது. அங்கே விட்ட தண்ணீர் கல்லணை வந்து சேரவே மூன்று நான்கு நாளாகும். பாசனத்தின் கடைசி வயல்களான கடைமடைக்கு இன்னும் பல நாள். தண்ணீர் வருகிறது என்று தெரிந்ததும் பழைய மதகுக்குப் போனேன். ஓய்வு பெற்றிருந்த லஸ்கர் எனக்கு முன்னாலேயே கரையில் நின்றார். நான் ஸ்கேலைத் தேடினேன்.

“அது கெடக்கட்டும் சார்,” என்றார். “அடியில ஒரு கொத்து சிக்கியிருக்கு. எறங்குங்க.”

செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்தேன்.