மவுஞ்சாரோ ஊசியும் என் சாப்பாடும்: பத்து மாத அனுபவம்

போன வருடம், 2025 ஜூனில் ஊசி ஆரம்பித்தபோது என் எடை 94 கிலோ, உயரம் 157 செ.மீ. எட்டு வருடமாகச் சுகர் இருக்கிறது, ஸ்கேனில் ஃபேட்டி லிவர் என்று வந்தது, மாடிப்படி ஏறினால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். மெட்ஃபார்மின், கிளைமிபிரைடு என்று இரண்டு சுகர் மாத்திரைகள் எடுத்துக்கொண்டிருந்தேன். நடைப்பயிற்சி, சிறுதானியம், இரவில் சப்பாத்தி என்று எல்லாம் செய்து பார்த்தவள்தான். நான்கு கிலோ குறையும், தீபாவளிக்குள் ஐந்து கிலோ ஏறிவிடும்.

திருச்சியில் நான் வழக்கமாகப் பார்க்கும் சுகர் டாக்டரம்மாதான் டிர்செபடைடு பற்றிச் சொன்னார். மவுஞ்சாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்த மருந்து. வாரம் ஒரு ஊசி. சாப்பிட்டதும் நம் குடல் சுரக்கும் இரண்டு ஹார்மோன்களைப் போல வேலை செய்து, மூளைக்கு "போதும்" என்று சொல்லும், இரைப்பை காலியாவதையும் தாமதப்படுத்தும். ஆய்வுகளில் அதிக டோஸ் எடுத்தவர்களுக்கு ஒன்றரை வருடத்தில் உடல் எடையில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாம். சுகர் உள்ளவர்களுக்கு அவ்வளவு இறங்காது என்பதையும் அவரே சொல்லிவிட்டார்.

எடுத்த எடுப்பில் ஊசி போட்டுவிடவில்லை. குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் உண்டா, எனக்குக் கணைய வீக்கம் வந்திருக்கிறதா, பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சுகர் சட்டென்று இறங்கினால் விழித்திரையில் சிலருக்குப் பிரச்சினை வரும் என்பதால் கண் பரிசோதனைக்கும் அனுப்பினார். கிளைமிபிரைடைப் பாதியாகக் குறைத்தார். "வயிற்றில் பொறுக்க முடியாத வலி வந்து முதுகுக்குப் பரவினால் காலை வரை காத்திருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று இரண்டு முறை சொன்னார். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் இதே ஊசியைத் தெரிந்த கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிப் போட்டுக்கொண்டார். இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூட யாரும் அவரிடம் கேட்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் பதறுகிறது.

அப்போது பேனா ஊசி வரவில்லை, சின்னக் குப்பிதான். 2.5 மில்லிகிராம் குப்பி ஒன்று 3,500 ரூபாய், மாதத்துக்கு நான்கு. நர்ஸம்மா முன்னால் உட்கார்ந்து, அரை மில்லி மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றி, தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் தள்ளிச் சதையைப் பிடித்துக் குத்தினேன். எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், ஃபிரீசரில் கூடாது என்றார்கள்.

மூன்றாம் நாள் பசி நின்றுவிட்டது. இதைச் சொன்னால் புரியுமா என்று தெரியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் டீக்கடையில் வடை பொரிகிற வாசனை வந்தால் என் கால் தானாக நின்றுவிடும், இருபது வருடப் பழக்கம் அது. அன்றைக்கு அந்தக் கடையைத் தாண்டி வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் கடை ஞாபகமே வந்தது. வாசலில் நின்று அழுதுவிட்டேன். இத்தனை வருடம் எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று சொன்னவர்கள் எல்லோரையும் நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் தப்பு பண்ணினேன். பசிக்கவில்லை, அதனால் சாப்பிடவில்லை. காலையில் ஒரு இட்லி, மதியம் நான்கு கரண்டி தயிர்சாதம், ராத்திரி அரை டம்ளர் பால். என் மாமியார், "ஏம்மா, குருவி மாதிரி கொத்துறியே, ஒரு வாய் கூடச் சாப்பிடக் கூடாதா" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நானோ தராசில் எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது வாரம் டோஸ் 5 மில்லிகிராம் ஆனது. குமட்டல், மலச்சிக்கல், அழுகிய முட்டை போல ஏப்பம் எல்லாம் வந்தது. ஒரு காலை மாத்திரையைப் போட்டுவிட்டு அந்த ஒரு இட்லியையும் பாதியில் வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன். பதினொன்றரை மணிக்கு எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதும்போது சாக்பீஸ் கோடு நேராக வரவில்லை, கை நடுங்குகிறது, ஜாக்கெட் முதுகெல்லாம் வியர்வை. முதல் பெஞ்சுப் பிள்ளை ஒன்று "டீச்சர், உட்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டது. ஓய்வறையில் கருவியில் பார்த்தால் சுகர் 58. குளுக்கோஸ் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்த பிறகுதான் உயிர் வந்தது. அன்று மாலையே டாக்டரம்மா கிளைமிபிரைடை அடியோடு நிறுத்திவிட்டார். ஊசி மட்டும் சுகரை அவ்வளவு கீழே தள்ளுவது அபூர்வம், கூட அந்த மாதிரி மாத்திரையோ இன்சுலினோ இருந்தால்தான் ஆபத்து என்றார்.

அப்போதும் எனக்கு முழுதாக உறைக்கவில்லை. உறைத்தது செப்டம்பரில், ஒரு சனிக்கிழமை மாவு அரைக்கும்போது. டேபிள் டாப் கிரைண்டர், மாவோடு அந்தப் பாத்திரத்தை நான்தான் எப்போதும் தூக்கிச் சாய்ப்பேன். அன்றைக்கு இரண்டு கையாலும் பிடித்து இழுக்கிறேன், மேலே வரவில்லை. முழங்கைக்குக் கீழே பலமே இல்லை. 94 கிலோவில் தூக்கியதை 84 கிலோவில் தூக்க முடியவில்லை. அதே வாரம் தலை சீவினால் சீப்பு நிறைய முடி.

டாக்டரம்மா எடையைப் பார்த்துச் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "மூணு மாசத்துல பத்து கிலோ, உங்களுக்கு இவ்வளவு வேகம் வேண்டாம்மா" என்றார். கொழுப்பு மட்டும் கரைவதில்லை, கூடவே தசையும் போகும், புரதம் சாப்பிடாமல் இருந்தால் இன்னும் அதிகமாகப் போகும் என்று விளக்கினார். ரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்து இருப்பு குறைவு, வைட்டமின் பி12 குறைவு. மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையுமாம், அதோடு நான் சாப்பிடாததும் சேர்ந்துகொண்டது. டோஸை ஏற்றாமல் 5-லேயே நிறுத்தி, உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்.

அந்தப் பெண் மூன்று நாள் சாப்பிட்டதை நோட்டில் எழுதி வரச் சொன்னார். கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 22 கிராம் புரதம்தான். எனக்குத் தேவை 70-க்கு மேல். "பசி வந்தா சாப்பிடலாம்னு இருக்காதீங்கக்கா, அது வராது. மாத்திரை மாதிரி மணி பார்த்துச் சாப்பிடுங்க" என்றார். இந்தப் பத்து மாதத்தில் எனக்கு உதவிய வார்த்தை என்றால் இதுதான்.

இப்போது காலையில் இரண்டு முட்டை, கூட ஒரு இட்லி. முட்டை இரண்டும் சேர்ந்து 12 கிராம், இட்லியில் 2 கிராம்தான் இருக்கும். பதினொரு மணிக்கு ஒரு சின்ன டப்பா கொண்டைக்கடலைச் சுண்டல், அதை மாமியார்தான் முதல் நாளே ஊற வைத்து அவித்துத் தருகிறார். மதியம் தட்டில் முதலில் மீனோ கோழியோ நூறு கிராம், அப்புறம் கீரை அல்லது காய், வயிற்றில் இடம் இருந்தால் கடைசியாக ஒரு கரண்டி சோறு. இந்த வரிசை ரொம்ப முக்கியம். சோற்றில் ஆரம்பித்தால் நாலு வாயில் வயிறு மூடிக்கொள்ளும், மீன் அப்படியே கிடக்கும். சாயங்காலம் பால், ராத்திரி பாசிப்பருப்பு தோசையோ கொஞ்சம் பன்னீரோ, கூட ஒரு கப் தயிர். செவ்வாய், வெள்ளி வீட்டில் அசைவம் கிடையாது, அன்றைக்குச் சோயா உருண்டை. உலர்ந்தது 30 கிராம் போட்டாலே 15 கிராம் புரதம் வந்துவிடுகிறது. தண்ணீர் சாப்பாட்டோடு வேண்டாம், நடுவில் வாய் வாயாகக் குடித்தால் குமட்டாது. மலச்சிக்கலுக்குக் கொய்யாவும் கீரையும் ஓரளவு கேட்டது, கேட்காதபோது டாக்டர் தந்த பொடி. ஊசி போட்ட மறுநாள் எண்ணெய்ப் பலகாரம் பக்கமே போவதில்லை. ஒரு கல்யாணத்தில் இரண்டு பூரி சாப்பிட்டுவிட்டு ராத்திரி முழுக்க வாந்தி எடுத்தேன், அதோடு சரி.

சாப்பாடு பாதிதான், தசைக்கு வேலையும் கொடுக்க வேண்டும். வாரம் மூன்று நாள், நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது. முதல் வாரம் ஐந்து தடவை எழுந்திருப்பதே பெரும்பாடு. டிசம்பரில் கிரைண்டர் பாத்திரத்தை நானே தூக்கினேன். முடி கொட்டுவது நிற்க இன்னும் இரண்டு மாதம் ஆனது.

என் தங்கை தானும் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள். அவள் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறாள். இந்த மருந்து ஆரம்பித்த நான்கு வாரமும், டோஸ் ஏற்றும் ஒவ்வொரு முறை நான்கு வாரமும் அந்த மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது, வேறு பாதுகாப்பும் வேண்டும். குழந்தைக்குத் திட்டமிட்டால் முன்கூட்டியே நிறுத்த வேண்டும். பலருக்கு இது தெரியவில்லை. அதேபோல ஏதாவது ஆபரேஷன் என்றால், வாரம் ஒரு ஊசி போடுகிறேன் என்று மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள், வயிறு காலியாக நேரம் ஆவதால் பட்டினி கிடந்தாலும் உள்ளே சாப்பாடு இருக்கலாம்.

இன்று எடை 80. கடைசி மூன்று மாதத்தில் ஒன்றரைக் கிலோதான் இறங்கியது, அதில் எனக்கு வருத்தமில்லை. நிறுத்தினால் பசி திரும்பும், எடையும் பெரும்பாலானவர்களுக்குத் திரும்ப ஏறும் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். 5 மில்லிகிராம் ஊசிக்கு மாதாமாதம் ஆகும் செலவு என் சம்பளத்தில் பெரிய தொகை, எத்தனை நாள் தாங்கும் என்று வீட்டில் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். அடுத்த மாதம் மறுபடி பி12, இரும்புச்சத்து, மூன்று மாத சுகர் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி எல்லாம் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு டோஸைப் பற்றி முடிவு செய்வோம். சுண்டல் டப்பா மட்டும் எப்படியும் தொடரும்.