ஸேலோ மேடு: தெர்மோகோலில் ஹைன்ரிட்சியின் கடைசிப் போர்முனை

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியத் தளபதி கோத்ஹார்ட் ஹைன்ரிட்சி போரிட்ட இடங்களை ஒவ்வொன்றாக நில மாதிரிகளாகச் செய்து வருகிறேன். இப்போது முடிந்திருப்பது பெர்லினுக்குக் கிழக்கேயுள்ள ஸேலோ மேடு.

உயரம்தான் பெரும்பாடு. ஓடர் ஆற்றுப் படுகையிலிருந்து மேடு ஏறத்தாழ 50 மீட்டர்தான் எழுகிறது. 1:50,000 அளவில் அது ஒரு மில்லிமீட்டர். பெயிண்ட் பூசினாலே மறைந்துவிடும். அதனால் உயரத்தை மட்டும் பத்து மடங்காக்கி, ஒரு சென்டிமீட்டர் தெர்மோகோல் ஒட்டினேன். பலகையின் மட்டத்துக்குக் குனிந்து ஆற்றுப் பக்கமிருந்து பார்த்தபோது அந்த மேட்டின் வலிமை விளங்கியது. கீழே எங்கும் மறைவிடமே இல்லை. போதாததற்கு, ஜெர்மானியர்கள் தண்ணீரைத் திறந்துவிட்டுப் படுகையைச் சேறாக்கியிருந்தார்கள். பழுப்பு பெயிண்ட் காய்ந்தபின் வார்னிஷ் பூசியதில் அந்த ஈரம் நன்றாகவே வந்திருக்கிறது.

அடுத்து, படைகளைக் குறிக்கும் குண்டூசிகள். 1945 மார்ச் 20 அன்று நாஜித் தலைவர்களில் ஒருவரான ஹிம்லரிடமிருந்து, ஓடர் முனையைக் காத்த விஸ்டுலா படைத்தொகுதியின் பொறுப்பை ஹைன்ரிட்சி ஏற்றார். எதிரியின் பீரங்கித் தாக்குதல் எப்போது தொடங்கும் என்று கணித்து, அதற்குச் சற்று முன்பே முன்வரிசை வீரர்களைப் பின்னால் இழுத்துக்கொள்வது அவர் கைவந்த உத்தி. ஏப்ரல் 15 இரவும் அதையே செய்தார். முன்வரிசை ஊசிகளைப் பிடுங்கி மேட்டில் குத்தினேன். மறுநாள் விடியுமுன் சோவியத் தளபதி ஜுக்கோவின் குண்டுமழை பெரும்பாலும் காலிப் பதுங்குகுழிகளில் விழுந்தது. ஆனாலும் ஏப்ரல் 19க்குள் மேடு வீழ்ந்துவிட்டது.

இந்தத் திறமையை வியந்துகொண்டே ஊசி குத்துவது எனக்கு உறுத்துகிறது. 1941 நவம்பரில், ரஷ்யாவில் இருந்தபோது, கெரில்லாக்களைத் தன் ஜன்னலிலிருந்து நூறு மீட்டருக்குள் தூக்கிலிட வேண்டாம் என்று தனக்குக் கீழிருந்த அதிகாரியிடம் சொன்னதாக அவரே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். தூக்கிலிடவே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. காலையில் கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான். இதைச் சீட்டில் எழுதிப் பலகையின் சட்டத்தில் ஒட்டிவிட்டேன். போர்முனையைப் பார்க்க வருகிறவர்கள் இதையும் படிக்கட்டும்.

அடுத்த பலகை வடக்கே, ஓடரின் கீழ்ப்பகுதி. அங்கே இன்னொரு சோவியத் தளபதி ரொக்கொசோவ்ஸ்கி ஆற்றைக் கடந்ததும், ஹைன்ரிட்சிக்குக் கீழிருந்த மான்டோய்ஃபெலின் 3ஆம் பான்சர் (டாங்கி) படை பின்வாங்கியது. அதை அனுமதித்ததற்காகத்தான் ஏப்ரல் இறுதியில் ஹைன்ரிட்சி பதவி இழந்தார். அங்கே நிலம் மேலும் தட்டை என்பதால் உயரத்தைப் பதினைந்து மடங்காக்கிப் பார்க்கப்போகிறேன்.