மறுபிறவிக்கு ஒரு விண்ணப்பம்

இறந்துபோன திபெத்திய லாமா, அதாவது பௌத்த குரு, மறுபடி பிறக்க வேண்டுமென்றால் சீன அரசின் ஒப்புதல் வேண்டும். கிண்டல் இல்லை. 2007 செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கும் ஆணை, மொத்தம் 14 பிரிவுகள். சாதாரண லாமா என்றால் மாகாண அளவிலேயே வேலை முடிந்துவிடும். ரொம்பப் பெரியவர் என்றால் கோப்பு பெய்ஜிங்கில் அமைச்சரவை வரை போகும். வெளிநாட்டுக்காரர்கள் தலையிடக் கூடாது என்றும் ஒரு வரி உண்டு. இந்தியாவில் இருக்கும் தலாய் லாமாவை மனதில் வைத்து எழுதியது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

இத்தனைக்கும் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர் எந்த மதத்தையும் நம்பக் கூடாது. மறுபிறவியே கிடையாது என்பவர்கள்தான் அதற்கு முத்திரை குத்துகிறார்கள்!

சரி, சிரித்துவிட்டு நகரலாம் என்றால் 1995 நினைவுக்கு வருகிறது. அந்த மே மாதம் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனை, தனக்கு அடுத்த நிலையில் மதிக்கப்படும் பஞ்சன் லாமாவின் மறுபிறவியாக அறிவித்தார் தலாய் லாமா. மூன்றே நாளில் பையனையும் பெற்றோரையும் சீன அதிகாரிகள் கொண்டுபோனார்கள். நவம்பரில் திபெத்தின் தலைநகர் லாசாவிலுள்ள ஜோகாங் கோயிலில், சீனாவின் சிங் வம்சப் பேரரசர் காலத்துத் தங்கக் கலசத்தில் மூன்று தந்தச் சீட்டுகளைப் போட்டு, வேறொரு சிறுவனைத் தேர்ந்தெடுத்தது அரசு.

2025 ஜூலை 2 அன்று, தன் மறுபிறவியை அடையாளம் காணும் உரிமை தன் அறக்கட்டளைக்கு மட்டுமே என்றார் தலாய் லாமா. அன்றே பெய்ஜிங் அந்தக் கலசத்தைத்தான் மறுபடி எடுத்து நீட்டியது.

கொண்டுபோன பையன்? படித்து முடித்து வேலையில் இருக்கிறார் என்று 2020இல் சீன அரசு சொன்னது. ஒரு படம்கூடக் காட்டவில்லை.