எட்டாவது ரவுண்டுல அவன் மூஞ்சிய பாக்கணும்

2025 ஆகஸ்ட் 16 ரியாத்ல நடந்த பாக்ஸிங் சண்டைய அக்கா பையனோட வியாசர்பாடி வீட்டு மாடில போன்ல பாத்தேன். டில்லியன் வைட் எப்பேர்ப்பட்ட ஆளுங்களோட எல்லாம் நின்னவரு, அவரே ரெண்டு நிமிஷம் தாங்கல, 119 செகண்டுல 20 வயசு மோசஸ் இட்டாமா முடிச்சிட்டான். பையன் கட்டில்லேர்ந்து குதிச்சிட்டான். "மாமா, இவன அடுத்து நேரா உலக சாம்பியன் உசிக் கிட்ட விடணும், மைக் டைசன் 20 வயசுலயே சாம்பியன் ஆவல?"ன்னு அன்னைக்கு ஆரம்பிச்சவன் இன்னும் விடல, அவனுக்கு பதில் சொல்லத் தான் இத எழுதுறேன்.

இட்டாமா பெரிய ஆளு ஆவான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஸ்லோவாக்கியால பொறந்து இங்கிலாந்துல வளந்த பையன், லெஃப்ட் ஹேண்டர், ஹெவிவெயிட்னா இருக்கிறதுலயே கனமான பிரிவு, அதுல அந்த ஸ்பீடு ரொம்ப அபூர்வம். ஆனா வைட் சண்டை வரைக்கும் எண்ணிப் பாருங்க, 13 சண்டை, 13 ஜெயிப்பு, அதுல 11 நாக் அவுட், ஒரு சண்டை கூட ஆறு ரவுண்ட தாண்டல. வைட்டுக்கும் அப்ப 37 வயசு, பழைய வைட் இல்ல. ஏழாவது ரவுண்டுல இட்டாமா எப்படி இருப்பான்னு அவனுக்கே தெரியாது.

இது ஏன் எனக்கு இவ்ளோ பெரிய விஷயமா படுதுன்னா நானே பட்டிருக்கேன். 18 வயசுல எனக்கு முதல் மூணு சண்டையும் முதல் ரவுண்டுலயே முடிஞ்சிது, ஏரியால கெத்தா சுத்துனேன். நாலாவதுல ஒரு அண்ணன், என்ன விட பத்து வயசு பெரியவர், நான் அடிச்சதெல்லாம் மூஞ்சிக்கு முன்னாடி தூக்கி வெச்ச கையிலயே வாங்கிட்டு சும்மா நகந்துகிட்டே இருந்தாரு. மூணாவது ரவுண்டுல என் கை ரெண்டும் ஈரத்துணி மாதிரி தொங்குது, முழங்கை தானா கீழ எறங்குது, தூக்கணும்னு மூளை சொல்லுது கை கேக்கல. கார்னர்ல வாத்தியார் என் கைய பாக்கல, கால பாக்கல, வாயத் தான் பாத்தாரு. "வாயத் திறந்துட்டியேடா"ன்னாரு, அவ்ளோ தான். வாய் திறந்தா தம் போச்சுன்னு அர்த்தம், அப்ப தாடைல ஒண்ணு விழுந்தா அதோட முடிஞ்சிது. எனக்கும் அப்படித் தான் முடிஞ்சிது.

உசிக் செய்யறது இதத் தான், எதிராளி வாயத் திறக்க வைக்கிறது. அந்தாளு ஒரே அடில சாய்க்கணும்னு அவசரப்படறவர் இல்ல. முன் கையால சின்னச் சின்னதா குத்துற ஜாப், பொய் அடி, கால் நிக்கவே நிக்காது, ஒவ்வொரு செகண்டும் எதிர்ல இருக்கிறவன் யோசிச்சுகிட்டே இருக்கணும், யோசிச்சே தளந்து போவான். 2021ல அப்ப சாம்பியனா இருந்த ஜோஷுவா கடைசி ரவுண்டுல கயித்துல சாஞ்சத பாத்தோம், 2024 மே மாசம் இன்னொரு சாம்பியன், அவ்ளோ பெரிய ஃபியூரி ஒன்பதாவது ரவுண்டுல தள்ளாடி, கீழ விழாமலே ரெஃப்ரி நின்னவாக்குல எண்ண வேண்டியதாச்சு. 2012 லண்டன் ஒலிம்பிக் தங்கம், 2025 ஜூலைல இங்கிலாந்து ஆளு டேனியல் டுபாவ அஞ்சாவது ரவுண்டுல சாய்ச்ச வரைக்கும் 24 சண்டை, ஒரு தோல்வி கிடையாது.

இட்டாமாவுக்கு ஒரே ஒரு சாதகம் இருக்குன்னு ஒத்துக்கிறேன். உசிக்கும் லெஃப்ட் ஹேண்டர். ரைட் ஹேண்டரோட முன்னங்காலுக்கு வெளிய கால் வெச்சு கோணத்துல அடிக்கிற அவரோட வித்தை இன்னொரு லெஃப்ட் ஹேண்டர் கிட்ட அவ்ளோ சுலபமா செல்லாது.

இப்ப டைசன் கதைக்கு வரேன். 1986 நவம்பர்ல அப்போதைய சாம்பியன் பெர்பிக்க ரெண்டே ரவுண்டுல கவுத்து சாம்பியன் ஆனாரு, 20 வயசு, சரி. ஆனா அதுக்கு முன்னாடி 27 சண்டை போட்டாச்சு. அதே வருஷம் மே மாசம் மட்டும் டில்லிஸ், மிட்ச் கிரீன்னு ரெண்டு பேரோட பத்து பத்து ரவுண்டு நின்னு பாயிண்ட்ல ஜெயிச்சிருக்காரு. 1980ல நம்ம மெட்ராஸ் நேரு ஸ்டேடியத்துக்கு வந்தாரே முகமது அலி, எங்க ஏரியா பெருசுங்க இன்னைக்கும் பேசுவாங்களே, அவரு 22 வயசுல சாம்பியன் லிஸ்டன ஜெயிச்சவரு. அவரும் அதுக்கு முன்னாடி வருஷம் டக் ஜோன்ஸோட பத்து ரவுண்டு கஷ்டப்பட்டு, ஹென்றி கூப்பர் கிட்ட அடி வாங்கி கீழ விழுந்து, எழுந்து ஜெயிச்சிட்டுத் தான் லிஸ்டன் முன்னாடி போனாரு. வயசு பிரச்சனையே இல்லப்பா, கஷ்டமான ரவுண்டு எத்தன பாத்திருக்கான்னு தான் கேள்வி.

டுபாவையே எடுத்துக்கோ. 2020ல 15 சண்டை, 15 ஜெயிப்பு, 14 நாக் அவுட், எல்லாரும் தலைல தூக்கி வெச்சு ஆடுனாங்க. ஜோ ஜாய்ஸ்னு நிதானமான ஆளு ஜாப் ஜாப்பா இடது கண்ணுலயே போட்டு பத்தாவது ரவுண்டுல மண்டி போட வெச்சாரு, கண்ணுக்குழி எலும்பே ஒடஞ்சிருந்துச்சு. திரும்ப வந்து ஜோஷுவாவையே அடிச்சாரு, உண்மை தான், ஆனா நடுவுல நாலு வருஷம் ஓடிச்சு, எத்தன பேச்சு கேட்டாரு.

உசிக்குக்கு 2025லயே 38, இப்ப விட்டா ஆளே இருக்க மாட்டாருன்னு பையன் சொல்றான். இல்லாம போனா போவட்டும். வயசானவர் கிட்ட அவசரமா ஜெயிச்சு வாங்குற பெல்ட்ட விட முழுசா தேறின இட்டாமா எனக்கு முக்கியம். ரெண்டு மூணு முரட்டு ஆளுங்க, விழாத ஆளுங்க, அவங்களோட பத்து ரவுண்டு போகட்டும். ஒரு சண்டைல அவன் நாக் அவுட் பண்ண முடியாம தவிச்சா நான் நிஜமாவே சந்தோஷப்படுவேன். எட்டாவது ரவுண்டுக்கு ஸ்டூல்லேர்ந்து எழுந்துக்கிறப்ப அவன் மூஞ்சிய கிட்ட காட்டுவாங்க இல்ல, அப்ப வாய் மூடி இருக்கான்னு பாத்துட்டு உசிக் பத்தி பேசலாம்.